சுவரோவியத்திற்கு மெருகு வேண்டுமோ?

கரமனையாற்றைக் கடந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையினின்று சற்று விலகி, குலசேகரத்தை அடுத்து அமைந்துள்ளது திருநந்திக்கரைக் குடைவரை. சமணர் உறைவிடமாயிருந்து பின்னர்ச் சிவன் கோயிலானதாகக் கருதப்படும் இதன் சுவர்களில், ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களின் மங்கிய கோடுகளே எஞ்சியுள்ளன. அவற்றைப் புதுவண்ணத்தால் நிரப்பிவிடலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு, ஆயினும் ஏற்கத்தக்கதன்று.

அஜந்தாவின் பௌத்தக் குகைகளில் நேர்ந்தது இங்கு நினைக்கத்தக்கது. அங்குப் பாறைமீது நாரும் உமியும் கலந்த மண்சாந்து பூசி, மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு உலர்ந்த பின்னரே காவி, பச்சைமண், புகைக்கரி ஆகியவற்றைப் பசையிற் குழைத்துத் தீட்டினர். நீலத்திற்கான கல் மட்டும் வெகுதொலைவிலிருந்து வந்தது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹைதராபாத் நிஜாம் அரசு இத்தாலிய வல்லுநரை வரவழைத்தது. உதிரும் சாந்தை அவர்கள் ஒட்டியது பெரும் பயன் தந்தது. ஆனால், மேலே தடவிய அரக்கு வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்து, தூசியையும் பற்றிக்கொண்டு, வண்ணங்களை மறைத்தது. அதனை அகற்றும் பெரும்பாடு தொல்பொருள் ஆய்வுத் துறையின் இரசாயனப் பிரிவினரைச் சேர்ந்தது.

கைதேர்ந்தோர் நன்னோக்குடன் செய்ததே இவ்வாறாயிற்று. திருநந்திக்கரையில் முதற்கண் வேண்டுவன ஈரக்கசிவைத் தடுத்தலும், புகையை விலக்கலும், நுண்ணிய ஒளிப்படப் பதிவுமாம். கண்ணுக்குப் புலனாகாத கரிக்கோடுகள் அகச்சிவப்பு ஒளிப்படத்தில் தெரிதலுமுண்டு. மேலே புதுவண்ணம் ஏறிவிட்டாலோ, அவ்வாய்ப்பு அருகிவிடும்.