மனம் படிக்க மூளை எதற்கு?

மனோதத்துவப் பட்டத்துக்குப் படிக்கும் பெண் ஒருத்தியின் தகப்பனார் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"மனத்தைப் படிக்கச் சேர்ந்தவளை மூளையின் படத்தைப் போட்டு உருப்போடச் சொல்கிறார்களே, சார்! அது டாக்டர்கள் வேலை அல்லவா? அதற்கு உங்கள் நாவல்களைப் படித்தாலும் பிரயோஜனம் உண்டு."

முகஸ்துதி யாருக்குக் கசக்கும்? ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் யோக்கியதை எனக்குத் தெரியும். கதாநாயகன் தலையில் அடிபட்டால் பெற்ற தாயையே மறப்பான். மறுபடி அடிபட்டால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும். இந்த ஒரு தந்திரத்தை வைத்துக்கொண்டு எத்தனை கல்யாணங்களைத் தள்ளிப் போட்டிருக்கிறோம்!

உண்மை வேறு. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1953இல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பு நோய் தீர, மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 'ஹிப்போகாம்பஸ்' என்ற பகுதியில் கணிசமான பாகத்தை இரு புறத்திலும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்தவை மனத்தில் தங்கவில்லை. தாயை அவர் மறக்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவரைத்தான் மறந்தார். 2008இல் இறக்கும் வரை, 55 ஆண்டுகள், இதே கதி.

அந்த மறதியைத் துருவி ஆராய்ந்த பிரெண்டா மில்னர் டாக்டரல்ல. மனோதத்துவம் படித்த பெண்மணி. கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்து அதன் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். மூன்று நாட்களில் மொலைசனின் கை நன்றாகத் தேறிவிட்டது. அவருக்கோ, அதை முன்பு செய்த ஞாபகமே இல்லை! கை கற்றது, ஆள் அறியவில்லை. ஞாபகம் ஒரே பெட்டியல்ல என்பது இப்படித்தான் தெரிந்தது.

கத்தி பிடித்தவருக்கு எடுத்தது என்னவென்று தெரியும். அதனால் போனது எது, மிஞ்சியது எது என்று காட்டியது மில்னர் கொடுத்த பென்சில். இரண்டும் சேராவிட்டால் பாதி உண்மைகூடக் கிடைத்திராது.

மூளைப் படத்தில் துக்கம் தெரியாது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் நாளைக்கு ஒரு மனைவி தன் கணவரை அந்தப் பெண்ணிடம் அழைத்து வந்து, "வேண்டுமென்றே மறக்கிறார்" என்று அழுவாள். அது வீம்பா, வியாதியா என்று சந்தேகிக்கவாவது இவளுக்குத் தெரிய வேண்டாமா? தெரியாமல் ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலே துரோகமாகிவிடும்.

"படிக்கட்டும், ஐயா" என்றேன். "படித்து முடித்ததும் என் நாவல்களைக் கொடுங்கள். தப்புகளை எண்ணிச் சொல்லட்டும்."