சிவப்பு லைட் எரிஞ்சா ரீசெட் மட்டும் அமுக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. வயசுப் பிள்ளைங்க வீட்டுல இருந்தா முழுசா படிங்க.

போன ஞாயிறு ஆலயக் கூட்டத்துல ஒரு அம்மா, தேவார வகுப்புக்கு வர்ற பையன்கள் செருப்பு வைக்கிற இடத்துல உட்கார்ந்து கேம் விளையாடுறாங்க, ஹேண்ட்போனைத் தடை பண்ணணும்னாங்க. அதுக்கு வகுப்பு ஆசிரியை, "இப்பல்லாம் பிள்ளைங்க மனநிலையைச் சோதிக்கவே வீடியோ கேமைப் பயன்படுத்திப் பார்க்கிறாங்க" என்றார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

நான் தொழிற்சாலை சூப்பர்வைசர். லைன்ல மணிக்கு ஒரு தடவை மெஷினைப் பார்த்து பாரம் நிரப்பணும். சில பேர் ஷிப்ட் முடியிற நேரத்துல மொத்தமா 'ஓகே, ஓகே'ன்னு டிக் பண்ணிடுவாங்க. பேப்பர்ல எல்லாம் ஓகே, மெஷின் மட்டும் ஓகே இல்ல. "2 வாரமா மனசு சோர்வா இருந்துச்சா?"ன்னு பாரம் கொடுத்தா நம்ம பிள்ளைங்களும் அப்படித்தான் டிக் பண்ணுவாங்க. வீட்டுக்குத் தெரிஞ்சிடும், கூட்டாளிங்க கேலி பண்ணுவாங்கன்னு பயம்.

விளையாடும்போது ரொம்ப நேரம் நடிக்க முடியாது. எவ்வளவு வேகமா அமுக்குறான், அமுக்கக் கூடாத நேரத்துல அமுக்குறானா, தோத்தா மறுபடி முயற்சி பண்றானா, எல்லாம் பதிவாகும். 2016-ல வந்த 'சீ ஹீரோ குவெஸ்ட்' கேமை 4 மில்லியன் பேருக்கு மேல விளையாடினாங்க. மனுஷன் வழி கண்டுபிடிக்கிற திறமையை அளந்து, மறதி நோய் ஆராய்ச்சிக்கு உதவ அதைச் செஞ்சாங்க. 2020-ல அமெரிக்காவோட எஃப்டிஏ, கவனக்குறைவு உள்ள 8 முதல் 12 வயசுப் பிள்ளைங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஒரு கேமுக்கே அனுமதி கொடுத்துச்சு. அதனால இது சிரிக்கிற விஷயம் இல்ல.

நம்ம ஆலயத்துலயே நடந்ததைச் சொல்றேன். படிவம் 4 பையன் ஒருத்தன். அன்னதானத்துக்கு வாளி தூக்குறதுல முதல் ஆள். அவன் கூட மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடுற இன்னொரு பையன் ஒரு நாள் என்கிட்ட, "அங்கிள், அவன் முன்ன மாதிரி இல்ல. எப்பவும் டீமைக் காப்பாத்துறவன், இப்ப பாதி கேம்ல அப்படியே நின்னுடறான். விடியக்காலை 4 மணிக்கும் ஆன்லைன்ல இருக்கான்" என்றான். நான் என்ன செஞ்சேன்? "கேமைக் கொறைக்கச் சொல்லு"ன்னு அனுப்பிட்டேன். 2 மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அவன் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகாம பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கான். அப்பா வீட்டை விட்டுப் போயிட்டார், அம்மாவுக்கு நைட் ஷிப்ட். கூட விளையாடினவனுக்குத் தெரிஞ்சது, தினம் பார்த்த எனக்குத் தெரியல. சிவப்பு லைட் எரிஞ்சது, நான் ரீசெட் அமுக்கிட்டுப் போயிட்டேன். இன்னைக்கும் அது உறுத்துது.

இப்ப அவன் கவுன்சலரைப் பார்க்கிறான், ஸ்கூலுக்கும் போறான். முருகன் புண்ணியம்.

அதனால கேம் வச்சு சோதிக்கிறதை நான் எதிர்க்கல. ஆனா லைட் எரிஞ்சா ஏதோ சரியில்லைன்னு மட்டும்தான் தெரியும், எதனாலன்னு தெரியாது. பழைய போன்ல கேம் மெதுவாத்தான் ஓடும். டேட்டா தீர்ந்து லைன் விழுந்தா, பையன் பாதியில ஓடிட்டான்னு பதிவாகும். தம்பியைத் தூங்க வச்சுட்டு வந்து உட்கார்ந்தவனோட கை தாமதமாத்தான் போகும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மெஷின் ஒரு பேர் வச்சு, அது ஸ்கூல் ஃபைல்ல ஒட்டிக்கிட்டா யார் அழிக்கிறது?

என் கருத்து இதுதான். சோதிக்கிறோம்னு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முன்னாடியே சொல்லணும், விளையாட்டுன்னு ஏமாத்திச் சோதிக்கக் கூடாது. அந்தப் பதிவு கேம் கம்பெனி வியாபாரத்துக்குப் போகக் கூடாது. முடிவை டாக்டரோ கவுன்சலரோ பிள்ளைகிட்ட உட்கார்ந்து பேசின பிறகுதான் சொல்லணும். பேச ஆள் இல்லாத ஸ்கூலுக்கு கேம் மட்டும் வந்து பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு. விளையாடுற பிள்ளையெல்லாம் அடிமை இல்ல. விளையாட்டு அடிமைத்தனத்தை உலகச் சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு, ஆனா படிப்பு, குடும்பம் எல்லாம் கெட்டு, பொதுவா 12 மாசமாவது நீடிச்சாத்தான் அந்தப் பேர். சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லாதீங்க.

நம்மால இன்னைக்கே முடிஞ்சது ஒண்ணு இருக்கு. போனைப் பிடுங்குறதுக்கு முன்னாடி, பக்கத்துல 15 நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. "யார் கூடப்பா விளையாடுற? தோத்தா என்ன பண்ணுவ?"ன்னு கேளுங்க. மாற்றம் தெரிஞ்சா தள்ளிப் போடாதீங்க. சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555 இருக்கு.

வர்ற ஞாயிறு செருப்பு வைக்கிற இடத்துல நானும் உட்காரப் போறேன். எனக்கு விளையாடத் தெரியாது, பையன்கள் சொல்லிக் கொடுப்பாங்க.

முருகன் துணை.