இரண்டு பிள்ளை பெற்றவள் ஓடலாமா?

பெண்கள் சரீரத்தால் பலவீனர்கள் என்பதற்குப் புருஷர்கள் காட்டும் பெரிய அத்தாட்சி பிள்ளைப்பேறு. ஒன்று பெற்றால் பாதி மனுஷி, இரண்டு பெற்றால் அடுப்பங்கரைக்கு மாத்திரமே லாயக்கு என்கிறார்கள். இதை வைதீகர்கள் மட்டுமா பேசினார்கள்? நாகரிகத்தின் உச்சியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஐரோப்பியர்களும் இதையேதான் பேசினார்கள். ஹாலந்து தேசத்து ஓட்டக்காரி பேனி பிளாங்கர்ஸ் கோயன் அம்மையாரின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

1918ல் பிறந்த இவ்வம்மையார் 18ஆவது வயதில், 1936ல், பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். 1940ல் தமது பயிற்சி வாத்தியாரான ஜான் பிளாங்கர்ஸை மணந்தார். இந்த வாத்தியாரே ஒரு காலத்தில் பெண்களுக்குப் பந்தயம் எதற்கு என்று இருந்தவர்தாம்! ஓடும் பெண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். அந்த அளவுக்கு அவர் யோக்கியர்.

அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. 1940லும் 1944லும் ஒலிம்பிக் நடக்கவில்லை. ஓடுகிறவருக்குப் பொன்னான வயது அப்படியே போயிற்று. ஜெர்மானியர் பிடியிலிருந்த நாட்டில், உணவுக்கே திண்டாட்டமான நாளில், அம்மையார் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டே பழகினார். 1943ல் நீளத் தாண்டலில் 6.25 மீட்டர் தாண்டி உலகத்துக்கே முதன்மையாக நின்றார்.

1948ல் லண்டனுக்குப் புறப்பட்டபோது வயது 30. உடனே கடிதங்கள் வந்து குவிந்தன. பிள்ளைகளை விட்டு அரை நிஜாருடன் ஓட வெட்கமில்லையா, வீட்டில் இருக்கக் கூடாதா என்று எழுதினார்கள். ஆங்கிலேயக் குழுவின் மேலாளர் ஜாக் கிரம்ப் என்பவரோ இவருக்கு வயது கடந்துவிட்டது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அதே பிள்ளைகளுக்குத் தகப்பனான ஜான் லண்டனுக்குப் போகலாமா என்று எவனாவது ஒரு கடிதம் எழுதினானா என்று கேட்கிறோம்.

100 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், 200 மீட்டர், பிறகு நால்வர் தொடர் ஓட்டம். நான்கிலும் தங்கம்! அப்போது ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் சேர்த்துப் பெண்களுக்கு வைத்திருந்த போட்டிகளே ஒன்பதுதான். தனிப்போட்டி மூன்றுக்கு மேல் கூடாதென்ற விதியால் நீளத் தாண்டலை அவர் விட்டுவிட்டார். அதில் ஜெயித்தவர் தாண்டிய தூரம் 6 மீட்டரைக்கூட எட்டவில்லை.

இடையில் ஒரு நாள், 200 மீட்டருக்கு முன், பிள்ளைகளை நினைத்து அழுதார். விலகிவிடுகிறேன் என்றும் சொன்னார். "பார்த்தீர்களா, பெண் புத்தி!" என்று சிலர் இதைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்துக்கொள்ளட்டும். அழுத பிறகு ஓடி, இரண்டாவதாக வந்தவரை 0.7 விநாடி பின்னே விட்டார். 200 மீட்டரில் அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று ஓட்டம் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

நிற்க, ஒன்பதே போட்டிகள் ஏன்? 1928ல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓட்டம் முடிந்ததும் சிலர் களைத்துக் கீழே சாய்ந்தார்கள். ஆண்களும்தான் சாய்கிறார்கள். ஆனால் பத்திரிகைக்காரர்கள் ஏதோ கொலை நடந்ததுபோல் எழுதினார்கள். பெண்களுக்கு அந்த ஓட்டமே எடுக்கப்பட்டது. ஜெயித்த ஜெர்மானியப் பெண் லீனா ராட்கே அன்று உலகச் சாதனையே செய்திருந்தார் என்பதை யார் கவனித்தார்கள்? மறுபடி அது சேர்க்கப்பட்டது 1960ல். முப்பத்திரண்டு வருஷம்!

லண்டன் வெற்றிக்குப் பின் பத்திரிகைகள் அம்மையாருக்கு வைத்த பெயர் "பறக்கும் வீட்டுக்காரி." புகழும்போதுகூட வீட்டை விட்டு வெளியே விட மனம் வரவில்லை போலும்! எந்த ஆணையாவது "பறக்கும் வீட்டுக்காரன்" என்று அழைத்ததுண்டா?

1955ல் பந்தயத்தை விட்டார். 1999ல் உலகத் தடகளச் சம்மேளனம் அந்த நூற்றாண்டின் சிறந்த வீராங்கனை என்று அவரைத் தேர்ந்தெடுத்தது. 2004ல் காலமானார்.

1948ல் ஆம்ஸ்டர்டாம் திரும்பியபோது வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் ஊர்வலம் விட்டார்கள். வீதி கொள்ளாத ஜனம். கடிதம் எழுதியவர்களும் அதில் நின்றிருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அக்கம்பக்கத்து வீட்டார் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள், இனி அவர் இவ்வளவு ஓட வேண்டாமாம்!