குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்துவிட்டது... பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது?

உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியை யாரோ உடைத்துவிடுகிறார்கள். போலீஸ் பிடிக்கிறது, கோர்ட் அபராதம் விதிக்கிறது. அபராதப் பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. உடைந்த கண்ணாடி? அது உங்கள் செலவு. 'ஏம்ப்பா என் வீட்டைக் குறிவெச்சே?' என்று அந்த ஆளிடம் கேட்கக்கூட உங்களுக்கு வாய்ப்பில்லை.

இது நீதிதானா? அமெரிக்காவில் கிறிஸ்தவக் கல்லூரிகள் சிலவற்றில் 'கிரிமினல் ஜஸ்டிஸ்' படிக்கும் மாணவர்கள் மல்லுக்கட்டும் கேள்வி இதுதான்.

அது என்ன படிப்பு?

நம் ஊரில் 'கிரிமினாலஜி' என்று சொல்கிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம். கிரிமினாலஜி, 'குற்றம் ஏன் நடக்கிறது?' என்று கேட்கும். கிரிமினல் ஜஸ்டிஸ், 'குற்றம் நடந்த பிறகு என்ன நடக்கிறது?' என்று கேட்கும். போலீஸ், நீதிமன்றம், சிறை. இந்த மூன்றும் எப்படி இயங்குகின்றன என்பதே பாடம். நான்கு வருட இளங்கலைப் படிப்பு. முடித்தவர்கள் போலீஸ் வேலைக்குப் போகலாம், நன்னடத்தை அதிகாரி ஆகலாம், சிறார் நீதித்துறையில் சேரலாம். வக்கீல் ஆக வேண்டுமென்றால் அதன் பிறகு மூன்று வருடம் சட்டக் கல்லூரியில் தனியாகப் படிக்க வேண்டும்.

இதே படிப்பு அரசுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றில் இதோடு பைபிள், இறையியல், அறவியல் பாடங்களும் கட்டாயம். 'சட்டப்படி சரி' என்பதும் 'நியாயப்படி சரி' என்பதும் ஒன்றா என்ற விவாதம் அங்கே வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

நல்ல எண்ணம் கட்டிய சிறை

இந்த மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கதை, கொஞ்சம் சங்கடமானது. பிலடெல்ஃபியாவில் 1829-ல் 'ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி' என்ற சிறை திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர்கள், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அடி, உதை, கூட்டம் கூட்டமாக அடைத்துவைப்பது... அந்தக் காலத்துச் சிறைகளின் இந்தக் கொடுமைகளுக்கு மாற்று தேடியவர்கள் அவர்கள். கைதியைத் தனி அறையில் வைத்து, அமைதியையும் பைபிளையும் கொடுத்தால் மனசாட்சி விழித்துக்கொள்ளும், மனம் திருந்திவிடுவான் என்று நம்பினார்கள். 'பெனிடென்ஷியரி' என்ற பெயரே, மனம் வருந்துதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்ததுதான்.

நடந்தது வேறு. ஆண்டுக்கணக்கில் மனிதக் குரலே கேட்காத தனிமை, பலரின் மனதைச் சிதைத்தது. 1842-ல் அங்கே போய்ப் பார்த்த எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிட இது கொடுமை என்று கடுமையாக எழுதினார். 1913-ல் அந்தத் தனிமை முறை கைவிடப்பட்டது. 1971-ல் சிறையே மூடப்பட்டு, இன்று அது சுற்றிப்பார்க்கும் இடம்.

கருணையோடு தொடங்கியதுதான். ஆனால், உள்ளே இருப்பவருக்கு அது என்ன செய்கிறது என்பதை யாரும் சரியான நேரத்தில் கேட்கவில்லை.

கதவுகளைத் தட்டிய இரண்டு பையன்கள்

இரண்டாவது கதை கனடாவில். 1974-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் எல்மைரா என்ற சிற்றூரில், குடித்துவிட்டு இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் ரகளை செய்தார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். மொத்தம் 22 இடங்களில் சேதம்.

அந்த வழக்கைக் கவனித்த நன்னடத்தை அதிகாரிக்கு ஒரு யோசனை. அவர் மென்னோனைட் என்ற, ஆயுதம் ஏந்துவதையே ஏற்காத கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 'பாதிக்கப்பட்டவர்களை இந்தப் பையன்கள் நேரில் பார்த்தால் என்ன?' நீதிபதி முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்தார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். 'நாங்கதான் செஞ்சோம்' என்று முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டார்கள். நஷ்டத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சில மாதங்களில் ஈட்டுத்தொகையும் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் தலைகுனிந்து நிற்பதைவிட அந்த வாசற்படிகளை ஏறுவது அவர்களுக்கு எளிதாகவா இருந்திருக்கும்?

இந்த முறையை அமெரிக்காவில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹோவர்ட் ஜெர். 1970-களின் இறுதியில் இண்டியானா மாகாணத்தின் எல்கார்ட்டில் இதே மாதிரியான திட்டத்தை நடத்தினார். 1990-ல் இதுபற்றிப் புத்தகம் எழுதினார். 1996-லிருந்து வர்ஜீனியாவில் உள்ள ஈஸ்டர்ன் மென்னோனைட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். லைபீரியாவின் அமைதிப் போராளி லேமா போவீ, 2011-ல் நோபல் பரிசு பெற்றாரே, அவரும் இந்தப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவர்தான்.

'ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ்', அதாவது சீரமைப்பு நீதி என்ற இந்தப் பார்வை, கேள்விகளையே மாற்றிப்போடுகிறது. எந்தச் சட்டம் மீறப்பட்டது, யார் மீறினார்கள், என்ன தண்டனை என்பது வழக்கமான வரிசை. இங்கே முதல் கேள்வியே, யாருக்கு வலித்தது? அவர்களுக்கு என்ன தேவை? அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது?

மன்னித்தே ஆகணுமா?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். மன்னிப்பைப் பெரிய நற்குணமாகப் போதிக்கும் கல்லூரியில், 'பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிடுவதுதான் நல்லது' என்ற எண்ணம் மாணவர்களுக்கு எளிதில் வந்துவிடும். கணவனிடம் அடிவாங்கிய பெண்ணிடம், 'பேசித் தீர்த்துக்கோம்மா' என்று சொல்வது நீதியா? குற்றவாளியைச் சந்திக்க விருப்பமில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. சீரமைப்பு நீதியின் முதன்மை நோக்கம் மன்னிப்பு இல்லை என்பதை ஜெர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். பாதிக்கப்பட்டவரைக் கட்டாயப்படுத்தினால், அது பிலடெல்ஃபியா தவறின் இன்னொரு வடிவம்.

கைதிகளே மாணவர்கள்

கிறிஸ்தவக் கல்லூரிகள் சில, பாடத்தைச் சிறைக்குள்ளேயே கொண்டுபோயிருக்கின்றன. மிச்சிகனில் உள்ள கால்வின் பல்கலைக்கழகம், அயோனியா ஊரின் ஹேண்ட்லன் சிறையில் 2015 முதல் கைதிகளுக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. இதற்கு முன்னோடி, லூசியானாவின் அங்கோலா சிறையில் 1995-ல் நியூ ஆர்லியன்ஸ் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி தொடங்கிய படிப்பு. அதற்கு முந்தைய வருடம்தான், கைதிகளுக்கான 'பெல்' என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகையை அமெரிக்கா நிறுத்தியிருந்தது. அது முழுமையாகத் திரும்பி வந்தது 2023-ல். சுமார் 30 வருட இடைவெளி!

அமெரிக்கச் சிறைகளில் இன்று 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஒருநாள் வெளியே வந்து, யாரோ ஒருவரின் பக்கத்து வீட்டில் குடியேறப்போகிறவர்கள். அவர்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பது அந்தத் தெருவுக்கே முக்கியம்.

சேர நினைப்பவர்கள் கவனிக்க...

கிறிஸ்தவக் கல்லூரிகள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள், கட்டணம் அதிகம். உதவித்தொகை போக, கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று முதலில் கேளுங்கள். மாணவர் நடத்தை விதிகளையும், வழிபாட்டில் கலந்துகொள்வது கட்டாயமா என்பதையும் படித்துப் பாருங்கள். நன்னடத்தை அலுவலகம், நீதிமன்றம் போன்ற இடங்களில் நேரடிப் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள்.

பிறகு பாடத்திட்டத்தைத் திறந்து ஒரு விஷயத்தைத் தேடுங்கள். போலீஸுக்கு ஒரு பாடம் இருக்கும், நீதிமன்றத்துக்கு ஒன்று, சிறைக்கு ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பாடம் இருக்கிறதா?