கூரையைக் கழற்றுமுன் சாமானுக்கு இடம் சொல்லுங்கள்

லயத்துக்குக் கூரை திருத்தம் என்றால் தகரத்தையும் மரச்சட்டத்தையும் ஆணியையும் மட்டும் எண்ணுகிற பழக்கம் நமது தோட்டங்களில் என்றைக்கு ஒழியுமோ! சில ஆண்டுகளுக்கு முன் வட்டகொடையில் என் அக்கா குடியிருக்கும் லயத்துக்குப் புதுக்கூரை போட்டார்கள். நல்ல காரியம்தான், அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் முதல் நாள் அந்திநேரத்தில் கொந்தராத்துக்காரரின் ஆள் ஒருவர் வந்து, "நாளைக்குக் காலையில தகரம் கழட்டுறோம், சாமானெல்லாம் வெளிய எடுத்து வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். வெளியே என்றால் எங்கே? இஸ்தோப்பைத் தாண்டினால் கான். கானைத் தாண்டினால் தேயிலை.

அது ஆனி மாதம். தலவாக்கலையைக் கடந்து கிரேட் வெஸ்டர்னுக்கு ஏறும் ரயிலிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் ஊர் மழை அழகாகத் தெரியும். தறப்பாளுக்கு அடியில் மெத்தையை வைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

பட்டணத்தில் வீடு திருத்துகிறவர் முன்னறைச் சாமானைப் பின்னறைக்கு மாற்றுவார். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வைப்பார். லயத்தில் இந்த இரண்டுக்குமே வழியில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் பின்னறை ஏது? கூரையோ வரிசை முழுவதற்கும் ஒன்று. என் சாமான் வெளியே கிடக்கும் அதே வேளையில் அடுத்த காம்பிராக்காரரின் சாமானும் வெளியேதான் கிடக்கும். இந்தச் சாதாரண விடயம் திட்டம் எழுதுகிறவர்களின் மேசைக்கு ஏறுவதேயில்லை.

இதை ஓர் அதிகாரியிடம் சொன்னபோது, "லயத்துல அப்படி என்ன பெரிய சாமான் இருக்கு?" என்று சிரித்தார். இருக்கிறது ஐயா. தவணைக்கு வாங்கிய அலுமாரி இருக்கிறது. தையல் மெஷின் இருக்கிறது, பிள்ளைகளின் புத்தகம் இருக்கிறது, மாதத்துக்கான அரிசி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் இரு நாடுகளுக்கும் தலைக்கணக்காகப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவர்களாக மிஞ்சியிருந்த சமூகம் இது. எங்கள் வீடுகளில் பிறப்புச் சான்றிதழும் பிரஜாவுரிமைப் பத்திரமும் நகையைவிடப் பத்திரமாக வைக்கப்படுவது அதனால்தான். அன்றைய மழையில் அம்மாவின் பத்திரத்தில் முத்திரை மை கரைந்து, கையெழுத்து நீலக்கறையாகிவிட்டது. அலுமாரிப் பலகையும் ஊதிப்போனது. அக்கா கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறாள்.

அதே தோட்டத்தில் தேயிலைக்கு எவ்வளவு மரியாதை! சுமார் 3 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்தி, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பைகளில் அடைத்து, தரையின் குளிர் படாமல் அடுக்கி வைப்பார்கள். ஈரத்திலிருந்து ஒரு பொருளைக் காப்பது எப்படி என்பது தோட்ட நிர்வாகங்களுக்குத் தெரியாத வித்தையல்ல.

ஆகவே "வசதி இல்லை" என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். கொழுந்து மடுவம் இருக்கிறது, பிள்ளைக் காம்பிரா இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது. பல தோட்டங்களில் மூடிக்கிடக்கும் தொழிற்சாலையின் மாடியே வெறுமையாக இருக்கிறது. அதில் ஒன்றைத் திறந்து, கல்லின்மேல் பலகை போட்டு, குடும்பத்துக்கு ஒரு பகுதி பிரித்துப் பூட்டுடன் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அதுவும் முடியாதென்றால் வரிசையில் பாதியை முடித்த பின்னரே மறுபாதியைத் தொடட்டும். பழைய கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அவசரம் இன்னும் ஆகாது. தகட்டை நனைத்து உடையாமல் இறக்க வேண்டும். அதற்கு முன் துணியும் மெத்தையும் உணவும் அப்புறப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நீங்கள் குடியிருப்பவர்கள் மட்டுமே என்று நிர்வாகம் அடிக்கடி நினைவூட்டுகிறது. கூரை உங்களுடையதுதான், மறுக்கவில்லை. ட்ரங்குப் பெட்டி எங்களுடையது. அடுத்த லயத்துக்குத் தகரம் வந்து இறங்கும்போது தலைவர்மார் முதலில் தகரத்தை எண்ண வேண்டாம். சாமான் எங்கே வைப்பது, எத்தனை நாள், நனைந்தால் நட்டஈடு யார் தருவது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை ஏணியைச் சாத்த விடாதீர்கள்.