நெல்லுக்கு இட்ட வேலி

திருநெல்வேலி என்னும் திருப்பெயருக்குத் தலபுராணம் கூறும் காரணத்தை அன்பர்கள் நன்கறிவர். யாசித்துப் பெற்ற நெல்லை இறைவனின் நைவேத்தியத்திற்காக உலரப் பரப்பிவிட்டு, தாமிரபரணியில் நீராடச் சென்றார் வேதசர்மர். திடீரென மழை கொட்டியது. பதறி ஓடிவந்தவர், சுற்றிலும் வெள்ளம் ஓட, நெல்மீது மட்டும் ஒரு துளியும் விழாதிருந்த அதிசயத்தைக் கண்டார். நெல்லுக்கு வேலியிட்டுக் காத்த பெருமானே நெல்லையப்பர். தைப்பூசத் திருவிழாவில் இவ்வைபவம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

பெருமான் அன்று வேதசர்மருக்குக் கூடுதலாக ஒரு படி நெல்லும் அருளவில்லை. இருந்த நெல்லைக் காத்தருளினார். இல்லாததைப் பெறுவது யோகம், பெற்றதைக் காப்பது க்ஷேமம் என்று பெரியோர் பொருள் கூறுவர். இவ்விரண்டையும் தன் அடியார்க்காகத் தானே சுமப்பதாகக் கீதையின் 9-ஆம் அத்தியாயம் 22-ஆம் சுலோகத்தில் கண்ணன் வாக்களிக்கிறான். 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றிணைத்து 1956 செப்டம்பர் 1 அன்று உருவான இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம், அச்சுலோகத்தின் சொற்களையே தன் இலச்சினையில் பொறித்துக்கொண்டது.

அந்த இலச்சினை பதித்த விண்ணப்பப் படிவங்களோடு, அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றங்கரை ஊர்களில் வீடுதோறும் ஏறி இறங்கிய முகவர்கள் பலர். இத்தொழிலில் முப்பது, நாற்பது ஆண்டுகள் நிலைத்தவர்கள் கற்கும் பாடம் ஒன்றே: பாலிசி எடுக்க வைப்பது எளிது, அதைக் கடைசிவரை உயிரோடு வைத்திருப்பதே அரிது.

சோதனை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடும். முகவருக்கு முதல் ஆண்டுப் பிரீமியத்தில் கிடைக்கும் கமிஷன், பின்வரும் ஆண்டுகளில் கிடைப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே, குடும்பத்தின் சக்திக்கு மீறிய பாலிசியைத் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிட ஆசை எழும். கமிஷனில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகக் கூறி ஆள் பிடிப்பவரும் உண்டு. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இதனைத் தடை செய்கிறது. அத்தகைய பாலிசி இரண்டொரு ஆண்டுகளில் காலாவதியாகும். கட்டிய பணத்தின் பெரும்பகுதியும் போய், காப்பும் போய்விடும். பின்னர் அவ்வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், வெறுங்காகிதத்தோடு நிற்கும் மனைவிக்கு அம்முகவர் என்ன பதில் சொல்வார்?

நீண்டநாள் நிலைத்த முகவர், முதலில் குடும்பத்தின் வரவைக் கேட்டறிவார். நெல் விவசாயியின் கையில் கார், பிசான அறுவடைக்குப் பின்னரே பணம் புரளும். பிசானம் அறுத்தபின் மாசி, பங்குனியில் ஆண்டுப் பிரீமியம் வருமாறு பாலிசியின் தொடக்க நாளைக் குறித்துவிட்டால், தவணை தவறுவது அரிது. அப்படியே தவறினும் ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாள்களும், மாதத் தவணைக்கு 15 நாள்களும் சலுகைக் காலம் உண்டு. அக்காலத்திற்குள் மரணம் நேர்ந்தாலும், நிலுவைப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு காப்புத் தொகை வழங்கப்படும். இதை நினைவூட்ட ஒரு நடை வந்து போகும் முகவரே மெய்யான முகவர்.

அடுத்தது வாய்மை. "சர்க்கரை நோயை எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்னும் முகவர், வேலியில் தாமே ஓட்டை இடுகிறார். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள், மறைக்கப்பட்ட நோயைக் காரணம் காட்டி உரிமத் தொகையை மறுக்கச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இடம் தருகிறது. உண்மையைச் சொன்னால் பிரீமியம் சற்றுக் கூடலாம். ஆனால் வேலி உறுதியாக நிற்கும்.

மூன்றாவது, வேலி யாருக்காக என்பது. திருமணத்திற்கு முன் தாயாரை நியமனதாரராக எழுதியவர், தாயார் மறைந்த பின்னும் அதை மாற்றாமலே விட்டுவிடுவதுண்டு. பத்திரம் எங்கே இருக்கிறது என்பதே மனைவிக்குத் தெரியாத வீடுகளும் பல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, வீடு புகுந்த வெள்ளம் அலமாரிக் காகிதங்களையும் விடவில்லை. பத்திரம் அழிந்தாலும் பாலிசி அழிவதில்லை. உரிய உறுதிமொழி கொடுத்து நகல் பத்திரம் பெறலாம். அதற்குப் பாலிசி எண் தெரிந்திருந்தால் அலைச்சல் பெரிதும் குறையும்.

குடும்ப க்ஷேமம் வேண்டி நெல்லையப்பர், காந்திமதி அம்மன் சந்நிதிகளில் அர்ச்சனை செய்துவிட்டு வீடு திரும்பும் அன்பர்கள், அன்றே பாலிசிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம். கடைசித் தவணை கட்டிய ரசீது உள்ளதா, நியமனதாரர் பெயர் சரியா என்று பார்த்து, பாலிசி எண்ணை இல்லத்தரசியின் குறிப்பேட்டிலும் எழுதி வைக்கலாம். அர்ச்சனையில் வேண்டிய க்ஷேமத்திற்கு நம் கையால் ஆற்றக்கூடிய பணி அது.