பொருளை வாங்கினீர், பெயரை வாங்கினீரா?

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில், இடித்த வீடுகளின் தேக்குத் தூண்களும் பெட்டிகளும் முன்னோர் உருவப்படங்களும் விலைக்கு நிற்கின்றன. அவற்றுட் சில நம் பட்டினப்பாக்கத்து மாடிவீடுகளுக்கும் வருகின்றன. (புகாரின் ஒருபாதிக்கு வழங்கிய பெயரன்றோ இவ்வூர்ப்பெயர்!) வாங்கட்டும், விறகாவதினும் நன்றே.

ஆயின் உழக்கு எழுதுகோற்கூடாகிறது, மரக்கால் பூச்சாடியாகிறது. வீட்டுப்பிள்ளைக்கோ இரண்டும் ‘ஆண்டிக்’! நாலுழக்கு ஒருபடி, எண்படி ஒரு மரக்கால் என்னும் கணக்கும் உடன் மாய்கிறது.

நூறாண்டு கடந்த அரும்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்தலை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வீட்டினுள்ளேயே பெயர் சாவதை எச்சட்டம் தடுக்கும்? வாங்குவோரே, பொருளின் அடியில் அதன் தமிழ்ப்பெயரும் பயனும் ஊரும் எழுதி ஒட்டுங்கள். பெயர் தெரியாவிடின் கடைக்காரரை வினவாதீர். அதனைப் புழங்கிய மூதாட்டியரை வினவுங்கள், அவர் இருக்கும்போதே.